கடைமடைக்கு முதல் முறை

வெள்ளாங்குறிச்சி,
சிவகங்கை மாவட்டம்.
9.10.2024

மரியாதைக்குரிய நிரஞ்சனா மேடம் அவர்களுக்கு,

வைதேகி எழுதுவது. போன வருடம் சிங்கப்பூரிலிருந்து, உங்களோடு படித்த காலேஜ் பிள்ளைகளோடு வந்து எங்கள் வீட்டில் தங்கி, டேப் வைத்து வாய்க்காலை அளந்துகொண்டு போனீர்களே, அந்த வைதேகிதான்.

நீங்கள் அனுப்பிய அறிக்கை கிடைத்தது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் எங்களை மறக்காமல் தமிழிலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்களே என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த கண்மாய்ப் பாசனக் கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன்.

முதல் பக்கத்தில் 'செய்முறை' என்று தலைப்பு. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் செய்முறை என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சொந்தக்காரர்கள் செய்கிற சீர். "சிங்கப்பூர்ப் பொண்ணு வீட்டுல என்ன விசேஷம்? பத்திரிகை வரலையே!" என்று ஒருவர் கேட்க, நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. 'தலைமடைக்காரர்களிடம் முறை கெட்டுப் போயிருக்கிறது. இந்த முறைகெட்ட நிலை மாற வேண்டும்.' வாசித்து முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மேடம், கண்மாய்த் தண்ணீரை யாருக்கு அடுத்து யார் பாய்ச்சுவது என்ற வரிசையை நாங்கள் முறை என்போம். சரிதான். ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் முறைதான். முறைகெட்டவன் என்றால், தங்கச்சி என்று கூப்பிட வேண்டியவளைத் தப்பாகப் பார்க்கிறவன். அந்தச் சொல்லை என் கூடப்பிறந்த அண்ணன் முகத்துக்கு நேராக நான் வாசித்திருக்கிறேன்.

மடையை ஒட்டியிருக்கிற முதல் வயல் என் அண்ணன் சுந்தரத்தினுடையது. தலைமடையில் அவர் சொன்னால்தான் சொல். நான் அதே ஊரில், வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடைக்கு வாக்கப்பட்டவள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "உன் வாயால இதையும் கேட்டாச்சு தாயி" என்றார். போய்விட்டார். அவர் பின்னாலேயே தலைமடை மொத்தமும் எழுந்து போய்விட்டது.

கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட்டு, அங்கிருந்து மேலே மேலே வரவேண்டும் என்று நாம் பேசிவைத்தோமே, அந்த யோசனையை இப்போது எடுத்துப் பேச ஆள் இல்லை. இந்த வருடமும் தலைமடையில் தொடங்கினால் என் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் காய்ந்துவிடும். மூன்று வருடமாக நான் அறுத்தது வைக்கோல்தான். "இந்தத் தடவையும் பொய்ச்சா வயலைப் போட்டுட்டுத் திருப்பூருக்கு வந்துரு, பனியன் கம்பெனியில ரெண்டு பேரும் வேலை பாப்போம்" என்று அங்கே வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் கட்டட வேலை செய்கிற என் தம்பி சின்னராசு வரைக்கும் அது போய்விட்டது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இனி போனில் எதையும் அனுப்பாதீர்கள்.

நீங்கள் தமிழ் எங்கே படித்தீர்கள்?

இப்படிக்கு,
வைதேகி


ஈசூன், சிங்கப்பூர்
20.10.2024

அன்புள்ள வைதேகி அக்கா,

உங்கள் வீட்டில் இருந்தபோது "ஏ புள்ள, சாப்டியா?" என்றுதான் என்னைக் கூப்பிடுவீர்கள். கடிதத்தில் 'மேடம்' என்று பார்த்ததும், மற்றதைப் படிக்காமலே ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது என்று தெரிந்தது.

தமிழ் இங்கே, பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். செய்முறை, வழிமுறை, நடைமுறை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். எனக்கு முறை என்றால் ஒழுங்கு, அவ்வளவுதான். அறிக்கையில் முதலில் 'சுழற்சி முறை செயலிழந்துள்ளது' என்று இருந்தது. ஏதோ லிஃப்ட் பழுதானதுபோல இருக்கிறதே, படிப்பவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று 'கெட்டுப் போயிருக்கிறது' என்று மாற்றினேன். இதமாக! அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான் என்பதால், நான் எழுதும் எதையும் அவர் சந்தேகித்ததே இல்லை. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னா லா இப்படி எழுதி வச்சிருக்கே? இதுக்கெல்லாம் அந்தக் காலத்துல பாராங் கத்தி எடுத்துட்டு வருவாங்க" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க. ஏற்கெனவே வாயே திறக்க மாட்டா" என்றார்.

பயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரின் வரிசைக்கும் மனிதர்களின் உறவுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் யார்? தஞ்சோங் பகாரில் என் அலுவலகத்தில் நாள் முழுவதும் வடிகால் குழாய்கள் வரைகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. உங்கள் வாய்க்காலிலோ ஒவ்வொரு வயலும் அடுத்த வயலுக்கு மாமனாக, மச்சானாக, நாத்தனாராக இருக்கிறது. நான் அதை டேப் வைத்து அளந்திருக்கிறேன். எதை அளக்கிறேன் என்று தெரியாமலே அளந்திருக்கிறேன்.

கடைமடை முதல் என்ற யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கூச்சம். அது அப்பாவின் பஸ்ஸிலிருந்து வந்தது. ஏறுகிறவர்கள் எல்லோரும் முன்கதவுப் பக்கமே நின்றுவிட்டால் பின்னால் பாதி பஸ் காலியாகக் கிடக்கும், வெளியே ஆட்கள் ஏற முடியாமல் நிற்பார்கள். பின்பகுதி முதலில் நிரம்பினால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். உங்கள் வாய்க்காலும் அப்படித்தான். கடைமடை நிரம்பினால்தான் தங்கள் முறை வரும் என்றால், தலைமடைக்காரர்களே வாய்க்காலில் புல்லையும் சேற்றையும் விடமாட்டார்கள்.

உங்கள் அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதட்டுமா? அனுப்பும் முன் உங்களிடம் காட்டுகிறேன். ஒவ்வொரு சொல்லையும்.

அன்புடன்,
நிரஞ்சனா


வெள்ளாங்குறிச்சி
4.11.2024

நிரஞ்சனாவுக்கு,

இன்னொரு காகிதம் வேண்டவே வேண்டாம். உன் முதல் காகிதத்தையே இங்கே இன்னும் மடித்து வைக்கவில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். கோபம் தீரவில்லை, ஆனால் மேடம் என்று எழுதவும் கை வரவில்லை. பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுச் சேலை வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து வராமல் இருந்ததில்லை. மதினி தன் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. சேலை இல்லாமல் எனக்கு என்ன குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அன்று முழுக்கத் தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்துவிட்டது. நேற்றுக் கண்மாய்க் கரைக்குப் போனேன். நீ வந்தபோது உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்ததே, அந்த இடமெல்லாம் இப்போது தண்ணீர். கருவேல மரங்கள் கழுத்தளவுக்கு நிற்கின்றன. எங்கிருந்து இத்தனை வந்தது என்று எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்குப் புரிவதில்லை. கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டி வழிந்துவிடும் என்கிறார்கள். கரையில் நிற்கும்போது ஒரு பக்கம் கடல் மாதிரி இருக்கிறது, மறுபக்கம் திரும்பினால் வாய்க்காலின் கடைசியில் என் வயல் கைக்குட்டை மாதிரி தெரிகிறது. இத்தனை தண்ணீர் இருந்தும் அது வரைக்கும் வராது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். சின்னராசு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஊர்த் தேக்கா சந்தைப் பக்கம் வருவான். நீ நேரில் போய், வாயால் சொல். அவன் துள்ளுவான், பயப்படாதே. அண்ணன் யார் பேச்சையும் கேட்கமாட்டார், அவன் பேச்சை மட்டும் காதில் வாங்குவார். அம்மா இறந்த பிறகு அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். நம்பரைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் மழை நின்றதும் மடை திறப்பார்கள். அதற்குள் ஏதாவது நடக்க வேண்டும். இல்லையென்றால் நான் திருப்பூர்.

வைதேகி


ஈசூன்
18.11.2024

அன்புள்ள அக்கா,

நேற்றுப் போனேன்.

தேக்கா சந்தையில் இறங்கி, திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பக்கம் முழுக்க ஆண்கள். சாலையோரப் புல்தரையெல்லாம் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். சிறு வயதிலிருந்து அந்தக் கூட்டத்தைக் கடந்து பூ வாங்கப் போயிருக்கிறேன். நேற்றுத்தான் முதல் தடவையாக அதற்குள் நடந்தேன். ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஊர் உட்கார்ந்திருந்தது. யாருடைய வயலிலோ மழை பெய்ததை, யாருடைய மாடோ கன்று போட்டதை, இங்கே புல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  

நீங்கள் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டதும், ஒரு வட்டத்திலிருந்து உங்கள் தம்பி எழுந்து நின்றார்.

"ஓ, அந்த முறைகெட்ட மேடம் நீங்கதானா?"

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர்தான் பதறினார். "டேய் சுரேந்தர், சிரிக்காதடா! போய் ஒரு தே வாங்கிட்டு வா, சீனி கம்மியா. அழுவாதீங்க மேடம், ஊர்க்காரனுக என்னையப் பத்தி என்ன நினைப்பானுக?"

நான் எழுதிவைத்துப் பழகிக்கொண்டு போன வாக்கியம் எதுவும் வரவில்லை. "எனக்கு அந்த அர்த்தம் தெரியாதுண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர், "அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

பிறகு பஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் விடவில்லை. "கேக்க நல்லாத்தான் இருக்கு. தலைமடைக்காரன் வரப்புல நிப்பான், கண்ணு முன்னாடி தண்ணி ஓடும், அவன் தொடக்கூடாது. நடக்குற காரியமா?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.  அப்பாவின் பஸ்ஸில் நான் எத்தனையோ தடவை பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது. "முன்னாடி நிக்கிறவங்க அப்பா கத்துறதால நகர மாட்டாங்கண்ணா. வெளியே மழையில ஒரு ஆள் நிக்கிறது கண்ணுல பட்டா, அவங்களா நகருவாங்க."

அவர் போனை எடுத்து உங்கள் அண்ணனைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில். "அண்ணே, அக்கா வயலைப் போயி எப்பப் பாத்த?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மாட்டு மணி மட்டும் கேட்டது.

"மழைக்கு முன்னாடியா? போன வருசமா? நம்ம வயல்லேருந்து கூப்பிடு தூரந்தான?"

"பக்கத்துல யாருடா?" என்று அவர் கேட்டார். உங்கள் தம்பி போனை என் பக்கம் நீட்டினார். நான், "வணக்கம் சார்" என்றேன்.

"சாரா? இங்க யாரு சாரு?" பிறகு குரல் இறங்கியது. "முறையப் பத்தி எழுதுன பொண்ணா? எங்களுக்கு நீ என்ன முறை ஆகணும்? அதச் சொல்லு முதல்ல."

எனக்குத் தெரியவில்லை, அக்கா. நான் ஒன்றும் சொல்லாமலே அழைப்பு நின்றது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உங்கள் தம்பியோ, "கோவம்னா எடுத்ததும் வச்சிருப்பாரு. இம்புட்டு நேரம் லைன்ல இருந்தாருல்ல" என்றார். அவர் வேலை செய்கிற கட்டடம் என் அலுவலக ஜன்னலுக்கு நேரெதிரே எழும்புகிறது. "கிரேன் தெரியுதுல்ல, அதுக்குக் கீழதான் நாங்க" என்றார். இன்று காலையிலிருந்து, மஞ்சள் தொப்பிகள் சின்னதாக மேலே நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஊர் அங்கே ஏறிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

என்ன ஆனாலும் எழுதுங்கள்.

நிரஞ்சனா


வெள்ளாங்குறிச்சி
29.12.2024

ஏ புள்ள நிரஞ்சனா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

மழை நின்று, பயிர் தண்ணீருக்கு ஏங்கத் தொடங்கிய சமயம். ஒரு நாள் விடிகிற நேரத்தில் களை பிடுங்கப் போனால், என் வயலுக்குள் ஓர் ஆள் நிற்கிறது. அண்ணன். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறார். களிமண் காய்ந்து வாய் பிளந்து கிடந்தது. குனிந்து அந்த வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரைக்கும் போனது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.  செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

மடை திறக்கிறதற்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். நான் கடைசியில், கதவோரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்தார்.

"அந்தச் சிங்கப்பூர்ப் பொண்ணு தெரியாமத்தான் எழுதுச்சாம். தம்பி சொன்னான்" என்றார். "ஆனா தப்பா எழுதலை. கூடப்பிறந்தவ வயலு வெடிச்சுக் கிடக்கு, நான் வருசா வருசம் வயிறு நிறையத் தண்ணி பாச்சுறேன். தீவாளிக்குச் சேலை குடுத்தா முறை ஆயிருமா? இதுக்கு வேற பேரு என்னன்னு நீங்களே சொல்லுங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இந்த வெள்ளாமைக்கு முதல் முறை கடைமடைக்கு" என்றார். தலைமடையில் ரெண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். "உன் தங்கச்சிக்காக எங்க நெல்லு காயணுமா?" என்று எங்கள் பெரியப்பா மகன் கேட்டேவிட்டான். "காஞ்சா என் வயலு முதல்ல காயும்டா, மடையை ஒட்டி இருக்குறது நான்தான்" என்றார் அண்ணன். கடைசியில் இந்த ஒரு வெள்ளாமைக்கு மட்டும் பார்ப்பது என்று முடிவானது. அடுத்த வருடம் மறுபடி பேச வேண்டும். பரவாயில்லை, பேசலாம்.

இனி எழுதப் போவதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மடை திறந்த அன்று நான் என் வயலில், வாய்க்கால் முடிகிற இடத்தில் நின்றேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் கொக்குகள் தெரிந்தன. வாய்க்காலோடு சேர்ந்து தாழப் பறந்து, உட்கார்ந்து, மறுபடி பறந்து, என் பக்கமாக வந்துகொண்டே இருந்தன. தண்ணீருக்கு முன்னால் ஓடும் பூச்சிகளைப் பொறுக்குகின்றன. அப்புறம் ஒரு சத்தம், காய்ந்த சருகை யாரோ மெதுவாக மிதிக்கிற மாதிரி. அப்புறம் வாசனை. அதற்கும் பிறகுதான் தண்ணீரே வந்தது. நுரையையும் வைக்கோலையும் எறும்புகளையும் தலையில் சுமந்துகொண்டு, ஒவ்வொரு குழியிலும் நின்று நிரம்பி, மறுபடி கிளம்பி, நடை பழகுகிற பிள்ளை மாதிரி வந்தது. கூடவே கரையில் தலைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு நடந்து வந்தார்கள். புல்லைச் செதுக்குகிறார்கள், அடைப்பை எடுக்கிறார்கள், "சீக்கிரம் விடுங்கய்யா, இது நிறைஞ்சாத்தான நமக்கு!" என்று கத்துகிறார்கள். நீ எழுதியது அப்படியே நடந்தது. அந்த வாய்க்காலில் அவர்கள் குனிந்து நான் பார்த்ததே இல்லை.

எல்லோருக்கும் முன்னால் அண்ணன், முழங்கால் வரை சேறு. என் வயல் வாயில் மண்ணை அவரே வெட்டிவிட்டார். தண்ணீர் உள்ளே போனது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது கொப்புளம் விட்டுச் சத்தம் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "குடிக்கிறதப் பாரு தாயி" என்றார். நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

என் நெல் பால் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, திருப்பூரில் எனக்கு வேலை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அண்ணன் மறுபடி கேட்டார், "அந்தப் பொண்ணு நமக்கு என்ன முறைன்னு சொல்லவே இல்லையே?" என்று. நீ என்னை அக்கா என்கிறாய். உங்கள் ஊரில் எல்லோரையும் அப்படிக் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். இங்கே அப்படிச் சும்மா கூப்பிட முடியாது. என்னை அக்கா என்றால் சுந்தரம் உனக்கு அண்ணன். கூப்பிட்டால் கடைசி வரைக்கும் கூப்பிட வேண்டும். யோசித்துச் சொல்.

வைதேகி


ஈசூன்
12.1.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் நீர்த்தேக்கத்தின் கரையில் உட்கார்ந்து படித்தேன். பெரிய நீர்ப்பரப்பு அது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். அது யாருக்கு முதலில் போகிறது, யாருக்குக் கடைசியில் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வரும். நேற்று அதைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன். "என்ன, குழாயில படமா ஓடுது?" என்று அம்மா கேட்டார்.

கொக்குகள் வந்த பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "அந்த மண்வெட்டிக்காரங்க சொன்னது... அதயும் படி" என்றார். பிறகு, "பஸ்ஸுல நான் சும்மா கத்துறதுன்னுதான் லா நினைச்சேன்" என்றார்.

இன்று காலை அவருக்கு வேலை. நானும் கூடப் போனேன். எப்போதும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், இன்று நேரே நடந்து போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.

பொங்கலுக்குத் தேக்கா போகிற கூட்டம். மழை வேறு. ஒரு நிறுத்தத்தில் பஸ் நிறைந்துவிட்டதுபோல் இருந்தது, வெளியே இன்னும் நிறையப் பேர். கரும்புக் கட்டோடு ஒரு பெண் குடைக்குள் ஒதுங்கி நின்றிருந்தார். "மூவ் டு தி ரியர், ப்ளீஸ்!" என்றார் அப்பா. யாரும் அசையவில்லை. பிறகு முன்னால் நின்ற சீனப் பாட்டி ஒருவர் கண்ணாடி வழியே அந்தப் பெண்ணைப் பார்த்தார். தன் பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஓர் அடி வைத்தார். அது அப்படியே ஒருவர் ஒருவராக, நின்று, நிரம்பி, மறுபடி நகர்ந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

அக்கா, கடைமடையில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கரும்புக்காரப் பெண் ஏறிவிட்டார். கதவு மூடியது. அப்பா கண்ணாடியில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

நீங்கள் கேட்டதை யோசித்தேன். கடைசி வரைக்கும் கூப்பிடுவேன். அறுவடைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், டேப் கொண்டுவர மாட்டேன். அதற்கு முன்னால் சுந்தரம் அண்ணனிடம் சொல்லுங்கள், தீபாவளிச் சேலை இனி இரண்டாக எடுக்க வேண்டும் என்று.

தங்கச்சி,
நிரஞ்சனா